வீடு எழுபத்திரண்டு, ஆள் மூன்று

1

அந்த அறையில் இருந்தவர்கள்: நான். என் மனைவி யோகம். எங்கள் மகன் கஜன். பெயின்ட் வேலை எடுத்து நடத்தும் நாகேஷ், வாயில் ரத்தம் ஊறிய துணியோடு. அவன் கூட்டி வந்த இரண்டு பேர். ஒருவன் நின்றான், மற்றவனால் நிற்க முடியவில்லை, பெஞ்சில் கிடந்தான். எங்கள் வீட்டுக்காரி தனலட்சுமி அக்கா. எழுதுகிற பொலிஸ்காரர் ஒருவர். அடிக்கிற பொலிஸ்காரர் ஒருவர். மேசைக்குப் பின்னால் எஸ்.ஐ.

பெங்களூரில் ஒரு பொலிஸ் நிலையம். போன வருஷம் இதே மாதம்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எழுதுவது என் தொழில் இல்லை. போன கிழமை இலங்கையில், உங்கள் கரையில், மீன் வாடிக்குப் பக்கத்தில், ஒரு பெடியனை நான்கு பேர் சேர்ந்து அடித்தீர்கள். "இந்திய றோலர்காரன்", வலையை அறுக்கிற இழுவைப் படகுக்காரன் என்று சொல்லி அடித்தீர்கள். முன்பல் போயிற்று. அவன் இந்தியன் இல்லை. இந்தியனாக இருந்திருந்தால் உங்கள் கரைக்கு வந்தே இருக்க மாட்டான். அவன் என் மகன் கஜன். எப்படி அங்கே வந்தான் என்று எழுதுகிறேன். படித்துவிட்டு, இன்னும் அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்யுங்கள்.

2

நானும் அந்தக் கரைதான்.

எனக்குப் பன்னிரண்டு வயது. ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களையும் பெடியன்களையும் பள்ளிக்கூட வெளியில் வரிசையாக நிற்பாட்டினார்கள். ஜீப்பில் ஒருவனை இருத்தியிருந்தார்கள். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி. உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வரிசை அவன் முன்னால் நகரும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் போச்சு.

என் அப்பாவுக்கு ஆட்டினான். கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். வெடிச்சத்தம் கேட்டபோது நான் வரிசையில் நின்றேன். பிறகு வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். எனக்கு அவன் தலையாட்டவில்லை.

அந்த மாதமே அம்மா என்னைப் படகில் ஏற்றினார். அவர் வரவில்லை.

இந்தியாவில், தமிழ்நாட்டில், அகதி முகாம். முகாமிலும் வரிசைதான். மாதம் ஒருமுறை செக்கிங். அதிகாரி மேசை போட்டு இருப்பார். வீட்டு எண்ணைக் கூப்பிடுவார்கள். குடும்பத் தலைவர் முதலில் நிற்க வேண்டும், பிறகு மனைவி, பிறகு பிள்ளைகள் வயதுப்படி. ஒவ்வொருவரும் வீட்டு எண், ஆள் எண், பெயர் என்று உரத்துச் சொல்ல வேண்டும். அதிகாரி நிமிர்ந்து பார்க்காமல் டிக் போடுவார். பிந்தினால், சத்தம் போதாவிட்டால், அதற்கென்று பின்னால் நிற்கிற ஆள் மண்டையில் ஒன்று வைப்பார்.

எங்கள் பிள்ளைகள் இதைச் சொல்லிக்கொண்டுதான் வளர்ந்தார்கள். கஜன் முகாமில் பிறந்தவன். மூன்று வயதில் முதல் தடவை சொன்னான்.

"வீடு எழுபத்திரண்டு, ஆள் மூன்று, கஜன்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. யோகம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

3

பெங்களூரில் ஜோகுபாளையத்தில் ஓர் அறையில் இருக்கிறோம். என் வேலை கட்டடத்துக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிப்பது. மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் பலகை தொங்கவிடுவார்கள். ஜூலா என்பார்கள். அதில் இருந்துகொண்டு அடிக்க வேண்டும். காலையில் ஏறினால் சோற்றுக்குத்தான் இறக்கம். யாரோடும் பேசத் தேவையில்லை. எனக்கு அது வசதி.

நான் வாய் திறந்தால் எந்த ஊர் என்று கேட்பார்கள். கிருஷ்ணகிரி என்று சொல்லி வைத்திருந்தோம். சிலோன் என்றால் வீடு தரமாட்டார்கள். நாகேஷுக்கு மட்டும் தெரியும், எங்கள் ஆட்களைக் குறைந்த கூலிக்கு வைத்திருந்தவன். யோகம் கடையில் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவாள். அவளை ஊமை என்று நினைத்தவர்கள் தெருவில் உண்டு.

கஜன் பதினொரு வயதில் இங்கே வந்தான். ஒரே வருஷத்தில் தெருவின் தமிழ் வாயில் ஏறிவிட்டது. பிறகு கன்னடம். பிறகு மெக்கானிக் ஷெட்டில் நின்று உருது. அம்மாவைத் திருத்துவான்.

"கதைக்கிறது இல்லம்மா, பேசுறது. எத்தினிவாட்டி சொல்றது?"

"ஓம் ராசா."

"ஓம் இல்ல. ஆமா."

"ஆமா ராசா. பிள்ளை எங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்துது, பாத்தியளே" என்று என்னிடம் சொல்வாள்.

இளையவள் துஷாவை முகாமிலேயே யோகத்தின் தங்கையிடம் விட்டிருந்தோம், படிப்புக்காக. எனக்கும் யோகத்துக்கும் வெளியே போய் வேலை செய்யக் கடிதம் உண்டு. ஆனால் செக்கிங்குக்குப் போயே ஆக வேண்டும். பஸ், பிறகு இன்னொரு பஸ், பிறகு நடை. கஜனும் வந்துகொண்டிருந்தான். இருபது வயதில் நிறுத்திவிட்டான்.

"ஆடு மாடு எண்ற மாதிரி எண்றானுங்க. நான் வரல, நக்கோ."

"பேரை வெட்டிப்போடுவாங்கள், தம்பி."

"வெட்டட்டும்பா. ஆதார் இருக்குது, லைசென்ஸ் இருக்குது, கன்னடம் வருது. எவன் கேக்கப் போறான்?"

மூன்று செக்கிங் வரவில்லை. பெயரை வெட்டினார்கள். நான் அதிகாரியின் முன்னால் நின்றேன். மனுப் போடு, திரும்பச் சேர்க்கலாம் என்றார். ஆளைப் பிடித்து எழுதுவித்துக் கொடுத்தேன். மனு முடிகிறவரை அவன் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்களாம். அதனால் செக்கிங்கில் நான் ஒன்று என்பேன், யோகம் இரண்டு என்பாள், பிறகு ஒரு மூச்சு விடுவோம், பிறகு துஷா நான்கு என்பாள்.

4

போன வருஷம், பெங்களூரில் ஆடுகோடி என்ற பக்கத்தில் ஆறு மாடிக் கட்டடம். கஜனும் அப்போது எங்களோடு பெயின்ட் வேலைக்கு வந்துகொண்டிருந்தான். ஜூலாக் கயிறு வெயில் தின்ற கயிறு. நடுவில் இரண்டு புரி விட்டிருந்தது. நான் பார்த்தேன். நாகேஷும் பார்த்தான்.

"இன்னும் ஒரு வாரம் தாங்கும்ணா. ஏறு. உனக்கு இன்னா, புதுசா?"

நான் ஏறியிருப்பேன். பலகையில் ஒரு காலை வைத்துவிட்டேன். கஜன் என்னைத் தோளில் பிடித்து இழுத்துவிட்டு, பட்டி பூசுகிற தகட்டால் கயிற்றை அறுத்தான். நேரம் எடுத்தது. ஒருவரும் தடுக்கவில்லை. பலகை ஆறு மாடி விழுந்து கீழே தூளானது.

"இப்ப ஏத்துடா" என்றான்.

நாகேஷ் அறைந்தான். கஜன் திருப்பி அறைந்தான், இரண்டு தடவை. வேலைக்காரரில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது.

"சிலோன் நாயே. ஒரு போன் போட்டேன்னு வையி, நீ ஒழிஞ்ச."

"போடு. உன் சைட்டுல இன்னும் ஆறு நாய் இருக்குது. எல்லாத்தையும் சேத்து சொல்லு. யார் வெச்சி வேல வாங்குனான்னும் சொல்லு."

நாகேஷ் போன் போடவில்லை. சாயங்காலம் இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் சாரம் கட்டுகிற இரும்புக் குழாய்.

கஜன் வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். முதல் அடி இடது கையில். ஈரக் கொம்பை முறித்தால் வருகிற சத்தம் வந்தது. இரண்டாவது முதுகில். கீழே விழுந்தான். மற்ற இருவரும் மிதித்தார்கள். காதிலிருந்து ரத்தம் வந்து சோப்பு நுரையில் கலந்தது.

சுவரில் என் பெயின்ட் ரோலர்க் கம்பு சாய்த்திருந்தது. எடுத்தேன். ஒருவனுக்கு முழங்காலில் போட்டேன். விழுந்தான். விழுந்தவனுக்கு அதே முழங்காலில் இன்னொன்று. அவன் கத்தின கத்தலில் தெரு நின்றது. நாகேஷ் திரும்பினான். வாயைப் பார்த்துப் போட்டேன். இரண்டு பல் வாசலில் விழுந்தன. திரும்ப ஓங்கினேன். பள்ளிக்கூட வெளியில் நின்ற நாளிலிருந்து யார் மேலும் கை நீட்டாதவன் நான். இனித்தது என்று எழுதினால் ஒரு மாதிரி நினைப்பீர்கள். இனித்தது.

தனலட்சுமி அக்கா மாடிப்படியில் நின்று கத்தினார்.

"டேய் நாகேசு! எவன் வாசல்ல வந்து எவன அடிக்கிற? ரத்தத்த நீதான்டா கழுவணும்! யோவ் கிருஷ்ணகிரி, நீ வுடுய்யா! செத்துப்பூடுவான்யா!"

விட்டேன்.

5

பொலிஸ் வந்து எல்லோரையும் ஏற்றியது.

அடிக்கிறவர் முதலில் என்னை எடுத்தார். உள்ளங்காலில் ரப்பர்ப் பட்டை. நான் சத்தம் போடவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை, கூட அடித்தார். பிறகு கஜன். முறிந்த கையில் அடிக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மற்ற இடத்தில் அடித்தார். கஜன் கன்னடத்தில் கத்தினான். அம்மா என்றுகூடக் கன்னடக்காரர் கத்துகிற மாதிரித்தான் கத்தினான். யோகம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எஸ்.ஐ. விசாரித்தார். எல்லாம் கன்னடம். கஜன் மூச்சு வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் பதில் சொன்னான். எந்த ஊர், கிருஷ்ணகிரி. எத்தனை வருஷம், சின்ன வயதிலிருந்து. எஸ்.ஐ.க்கு அவன் கன்னடம் பிடித்துவிட்டது. "நல்லா பேசுறியேடா, உங்கப்பன் மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருக்கான்" என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். நாகேஷ் சிலோன் என்ற பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்தால் அவன் சைட்டையும் நோண்டுவார்கள்.

ராஜி பேசி முடிந்தது. அவனுக்குப் பல், எங்களுக்குக் கை. கணக்குச் சரி. பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார் எஸ்.ஐ. தனலட்சுமி அக்கா, "வா யோகம், போற வழில ஆஸ்பத்திரி" என்று பையை எடுத்துவிட்டார்.

எழுதுகிறவர், "லைனா நில்லி" என்றார்.

நான் போய் நின்றேன். எனக்குப் பக்கத்தில் யோகம். அவளுக்குப் பக்கத்தில் கஜன். யாரும் எங்களை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

நான் பெயர் சொன்னேன். கிருஷ்ணகிரி என்றேன். யோகமும் சொன்னாள், மெல்லிய குரலில். கஜனின் தலை தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போல. பிந்தினான். அடிக்கிறவர் பின்னால் வந்து மண்டையில் ஒன்று வைத்தார்.

"ஹெசரு! பேரு!"

கஜன் நிமிர்ந்தான். கண் எங்கேயோ இருந்தது. உரத்துச் சொன்னான்.

"வீடு எழுபத்திரண்டு, ஆள் மூன்று, கஜன்!"

எழுதுகிறவரின் கை நின்றது.

எஸ்.ஐ. போனைக் கீழே வைத்தார். "ஏனந்தே? இன்னொரு வாட்டி சொல்லு."

கஜன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

முதலில் பேசினவன் நாகேஷ். "சார், அடி பட்டு உளர்றான் சார். வீட்டு நம்பர சொல்றான்."

"ஆமா சார்" என்றார் தனலட்சுமி அக்கா. "எங்க வீடு எழுபத்திரண்டுதான்."

எஸ்.ஐ. எழுதினதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "நீ இப்பதானேம்மா பன்னெண்டுன்னு சொன்ன?"

அக்கா பையைக் கீழே வைத்தார்.

எஸ்.ஐ. எழுந்து வந்து கஜனுக்கு முன்னால் நின்றார். முன்னொரு காலத்தில் எங்கள் ஆட்களின் வழக்கு ஒன்றைப் பார்த்தவராம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். சத்தம் போடாமல் கேட்டார்.

"எந்த கேம்ப்?"

யோகம் சட்டைக்குள் கையை விட்டாள். முகாம் அட்டையை எடுத்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு எந்த நேரமும் நெஞ்சோடு வைத்திருப்பாள். முகாம் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். இரண்டு கையாலும் நீட்டினாள். அட்டையைக் காட்டினால் பிள்ளையை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள்.

மூன்றாவது பெயரின் மேல் சிவப்புக் கோடு இருந்தது.

6

வக்கீல் அம்மா ஒருவர் காசு வாங்காமல் வந்தார். அவர் சொன்னதை எனக்கு விளங்கின அளவுக்கு எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது உதவும்.

முகாம் பதிவில் பெயர் இருக்கிற சிலோன் ஆட்களுக்கு, விசா, பாஸ்போட் இல்லை என்பதற்காக இப்போது தண்டனை கிடையாது. அதனால் என்னையும் யோகத்தையும் விட்டார்கள். அடிதடிக்கு ராஜி. பதிவில் பெயர் இல்லாதவனுக்கு அந்தச் சலுகை இல்லை. கஜன் பிறந்தது இந்தியாவில்தான். ஆனால் தாய் தகப்பன் இரண்டு பேரும் காகிதம் இல்லாமல் வந்தவர்கள். அதனால் அவன் இந்தியன் இல்லை. ஆதாரைக் காட்டினோம். அது இருக்கிற இடத்துக்குத்தான், நாட்டுக்கு இல்லை என்றார்கள்.

"அப்ப அவன் எந்த நாடு?" என்று கேட்டேன்.

"உங்க நாடுதான்ணா."

"அவன் அதைக் கண்ணால கண்டதில்லை."

"சட்டத்துக்கு அது தேவையில்லண்ணா."

வெளிநாட்டுக்காரரை அடைத்து வைக்கிற இடம் ஊருக்கு வெளியே இருக்கிறது. சிறை இல்லை என்கிறார்கள். கம்பி இருக்கிறது. கஜனை அங்கே போட்டார்கள். கை கோணலாகக் கூடிவிட்டது. உள்ளே ஒரு ஆள் சாப்பாட்டுத் தட்டால் அவன் புருவத்தைப் பிளந்தான். கஜன் அந்த ஆளின் விரலை முறித்தான். நான் பார்க்கப் போகிற ஒவ்வொரு தடவையும் முகத்தில் ஒரு புது இடம் வீங்கியிருந்தது.

வழக்காடலாம், ஆனால் முடிகிறவரை உள்ளேதான் என்றார் வக்கீல் அம்மா. அது எத்தனை வருஷம் என்று அவருக்கே தெரியவில்லை. கஜனிடம் கேட்டார்கள்.

"அனுப்பிடு" என்றான். என்னைப் பார்த்து, "உள்ள இருந்தா யாரையாவது கொன்னுடுவேன்பா" என்றான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான். "நீ அங்கருந்து இங்க வந்த. நான் இங்கருந்து அங்க போறேன். கணக்கு டேலி."

விமானத்தில் ஏற்றினார்கள். பக்கத்தில் விட மாட்டோம் என்றார்கள். யோகம் தூக்கிவந்த சோற்றுப் பொட்டலத்தைக் காவல்காரன் பிரித்துக் கம்பியால் கிளறிப் பார்த்தான். பிறகு அதை அவள் வாங்கவில்லை.

தனலட்சுமி அக்கா எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. "சிலோனா இருந்தா இன்னா, கிருஷ்ணகிரியா இருந்தா இன்னா. என்னாண்டகூட பொய் சொல்லிட்டியே, அதான்யா" என்றார். இப்போதும் என்னைக் கிருஷ்ணகிரி என்றுதான் கூப்பிடுகிறார். நான் அதே வேலைதான். வேறு காண்ட்ராக்ட்காரர். கயிற்றை நான் இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏறுகிறேன். யோகம் இப்போது கடையில் வாய் திறந்து கேட்கிறாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

7

கஜன் உங்கள் கரையில் என் சித்தப்பா மகன் வீட்டில் இருக்கிறான். அங்கேயும் காகிதம் கேட்கிறார்களாம். அடையாள அட்டை இன்னும் வரவில்லை. வலை இழுக்கப் போகிறான். கோணல் கையால் இழுக்கிறான்.

ஆரம்பத்தில் போனில் சொன்னான். "அம்மா, இங்க பேசுறதுன்னா திட்றதாம்மா. கதைக்கணுமாம்." யோகம் சிரித்தாள். பிறகு போனை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

போன கிழமை அவன் சொன்னது வேறு. வாயில் வீக்கம், சொல் சரியாக வரவில்லை.

"இந்தியாக்காரன்னு அடிச்சிட்டாங்கபா. அவங்க வலைய றோலர் அறுத்துட்டுப் போயிட்டானாம். என் பேச்ச கேட்டதும் புடிச்சிக்கிட்டாங்க."

"நீ திருப்பி அடிச்சனியோ?"

"இல்லபா."

"ஏன்?"

வாயில் ஊறினதைத் துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான். "இங்கருந்தும் அனுப்புனா, அடுத்து எங்கபா அனுப்புவாங்க?"

அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் வலையை அறுத்தவன் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் இவன் அவன் இல்லை. பள்ளிக்கூடக் கிணற்றடியில் விழுந்தவரின் பேரன் இவன். அந்த வரிசையில் நின்ற ஆட்கள் இன்னும் ஊரில் உயிரோடு இருப்பீர்கள். சொல்லுங்கள், இவன் நம்ம ஆள் என்று. அதற்குத் தலையை ஆட்டினால் போதும்.

போன் வந்த மறுநாள் செக்கிங். நாங்கள் போனோம். துஷாவிடம் பல் போனதைச் சொன்னோம். அவள் வரிசையில் போய் நின்றாள். என்னைப் போல.

அதிகாரி கூப்பிட்டார். "எழுபத்திரண்டு."

"வீடு எழுபத்திரண்டு, ஆள் ஒன்று" என்று சொல்லி என் பெயரைச் சொன்னேன்.

"வீடு எழுபத்திரண்டு, ஆள் இரண்டு, யோகம்."

ஒரு மூச்சு விட்டோம்.

"வீடு எழுபத்திரண்டு, ஆள் நான்கு, துஷா."

அதிகாரி நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நான்கு இல்லம்மா. உங்க அண்ணன் மனு முடிஞ்சிபோச்சு. ஆள் நாட்டுலயே இல்லையே. இனிமே நீ அந்த நம்பர். திருப்பிச் சொல்லு."

துஷா நின்றாள். பின்னால் எழுபத்துமூன்றாம் வீட்டுக்காரர் செருமினார். மண்டையில் வைக்கிற ஆள் ஓர் அடி முன்னால் வந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் அங்கேயே நின்றுகொண்டார்.

யோகம் அவள் முதுகில் கை வைத்தாள்.

"வீடு எழுபத்திரண்டு" என்றாள் துஷா. "ஆள்" என்றாள். நிறுத்தினாள்.

பிறகு சொன்னாள்.

"மூன்று."